அடைக்கோழியின் அதிகாரம்

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். தாயின் கண்டிப்புப் பிள்ளைக்குக் கேடு செய்யாது என்பதை உணர்த்த அதனை நாம் எடுத்தாளுகின்றோம். ஆனால், தாய் மிதித்துச் சாகாத அந்தக் குஞ்சு, அயற்கோழி கொத்திச் சாகக்கூடும். கோழி வளர்ப்போர் கண்கூடாகக் காணும் உண்மை இது. அவ்வாபத்திலிருந்து குஞ்சைக் காப்பது தாயன்பு மட்டுமன்று. தன் கூட்டத்தில் தாய் பெற்றிருக்கும் செல்வாக்கும் ஆகும். அதனைப் பற்றியே இன்று நேயர்களோடு பேச விரும்புகின்றேன்.

எங்கள் வெலிமடைப் பகுதியிலே, தேயிலைத் தோட்டத்து லயங்களை அடுத்தும், உருளைக்கிழங்கும் காய்கறியும் விளையும் கிராமத்து வீடுகளின் பின்புறத்தும், நாட்டுக்கோழிகள் சில மேய்ந்து திரிவதைக் காணலாம். அவற்றின்முன் ஒரு பிடி குறுநொய்யை இறைத்துப் பாருங்கள். எல்லாம் ஒருங்கே ஓடி வரும். ஆயினும் ஒருங்கே உண்பதில்லை. ஒன்று முன்னே நிற்கும். மற்றொன்று அதற்கு வழிவிட்டு, தனக்குக் கீழானதைக் கொத்தித் துரத்தும். எல்லாராலும் கொத்துண்ட ஒன்று எட்ட நின்று, எஞ்சியதைப் பொறுக்கும்.

இவ்வொழுங்கை முதன்முதலில் முறையாக ஆராய்ந்து எழுதியவர் நோர்வே நாட்டு அறிஞர் ஷெல்டெருப் எப்பே என்பவர். சிறுவயது முதலே கோழிகளைக் கூர்ந்து நோக்கி வந்த அவர், 1920களின் தொடக்கத்தில் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். எந்தக் கோழி எதனைக் கொத்தலாம் என்னும் வரிசை ஒவ்வொரு கூட்டத்திலும் உண்டு. அவ்வரிசை ஒருமுறை நிலைபெற்றபின் சண்டை குறைந்து அமைதி நிலவும் என்பது அவர் கண்ட முடிவு.

காட்டிலே இந்த வரிசை குஞ்சுகளை அவ்வளவாகத் தொடுவதில்லை. நம் வீட்டுக்கோழிக்கு மூதாதையாகிய செங்காட்டுக்கோழியின் பேடு, புதர்மறைவில் தனித்திருந்து அடைகாக்கும். வீட்டுக் கொல்லையிலோ ஒதுங்க இடமில்லை. பலர் கூடி வாழும் முற்றத்திலேயே பிள்ளை வளர்த்தாக வேண்டும். ஆகவேதான் அங்கே தாயின் தகுதி குஞ்சின் உயிரோடு தொடர்புடையதாகின்றது.

அடைகாக்கும் காலம் 21 நாள். அந்நாட்களில் தாய் முட்டையிடுவதை நிறுத்திவிடுகின்றது, உணவுக்காகச் சிறிது நேரமே எழுந்து செல்கின்றது, உடலும் மெலிகின்றது. பொரிப்பதற்குச் சற்று முன்னரே ஓட்டினுள் குஞ்சு குரல் கொடுக்க, தாயும் மெல்லக் கொக்கரித்து மறுமொழி சொல்கின்றது. வெளிவந்த குஞ்சு தன் வயிற்றில் எஞ்சிய மஞ்சட்கருவைக் கொண்டு ஓரிரு நாள் உணவின்றி இருக்கவல்லது. பிந்திப் பொரிக்கும் குஞ்சுக்காகத் தாய் காத்திருக்க இயற்கை அளித்த அவகாசம் அது.

அதன்பின் முற்றத்தில் இறங்கும் தாயைக் கவனியுங்கள். இறகைச் சிலிர்த்து, சிறகைத் தாழ்த்தி, தன் உருவை இருமடங்காக்கிக்கொண்டு நடக்கும். தாழ்ந்த நிலையிலிருந்த பேடுகூட இக்காலத்தில் வீறுகொண்டு எதிர்க்கும். ஆயினும் மேல்நிலைக் கோழிகள் அதனை எளிதில் விட்டுவிடுவதில்லை. கூட்டத்தின் தலைவியே தாயானால் நிலைமை வேறு. அது ஓரடி முன்வைத்தாலே போதும், ஏனையவை விலகிவிடும். குறுநொய்யைக் கண்டதும் அது தான் விழுங்காமல், அலகால் எடுத்தெடுத்துப் போட்டுக் குஞ்சுகளை அழைக்கும். முதற்பங்கு பெறும் உரிமை அதற்கு உண்டு. அந்த உரிமையின் பயன் குஞ்சுகளுக்குப் போய்ச் சேருகின்றது.

இது வெறும் பழக்கமோ, அறிவும் கலந்ததோ என்று ஐயுறுவோர் இருக்கலாம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 1996இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே கருதத்தக்கது. தகாதது என்று தான் அறிந்த உணவைக் குஞ்சுகள் உண்பதுபோலக் கண்ட தாய், நல்ல உணவின்பால் அவற்றைத் திருப்ப மேலும் முனைந்து அழைத்ததாம். அதே பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட மற்றோர் ஆய்விலே, குஞ்சுகளின்மீது காற்று ஊதப்பட்டபோது பார்த்திருந்த தாயின் இதயத் துடிப்பு விரைந்தது. துன்பம் குஞ்சுக்கு, துடிப்புத் தாய்க்கு!

ஆனால் தலைவியாயினும் அதன் ஆற்றலுக்கு எல்லை உண்டு. வேலியோரத்தே மாலையில் காட்டுப்பூனை வரக் கண்ட வீட்டுக்கோழி, குஞ்சுகளைக் கூவியழைத்துத் தவிக்கும் நிலையை ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகையிலே பாடியுள்ளார். அத்தவிப்பு இன்றும் மாறவில்லை. கீரியும் பருந்தும் இங்கும் உண்டு. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் எங்கள் மலைப்புறத்தைக் குளிரும் ஈரமும் சூழும்போது, நனைந்த குஞ்சு விரைவில் விறைத்துப்போகும். இவற்றுக்குத் துணைசெய்ய வேண்டியவர் நாமே.

செய்யவேண்டியவை அரியனவல்ல. மழை படாத, தரை காய்ந்த கூடொன்று வேண்டும். அடைவைத்த முட்டைகளில் கரியால் அடையாளமிட்டால், மற்றக் கோழிகள் பின்னர் வந்து இடும் முட்டைகளைப் பிரித்தெடுக்கலாம். தாயைத் தொலைவில் அடைத்துவைத்தல் நன்றன்று. பல நாள் பிரிந்திருந்து மீளும் கோழியைக் கூட்டம் புதியவள்போல் நடத்தும். தலைவியும் தன் இடத்துக்காக மறுபடி போராட நேரும். கம்பிவலைத் தடுப்புக்கு அப்பால், ஒன்றையொன்று காணுமாறு வைப்பதே ஏற்றது. முட்டையிடும் கோழிக்கான சுண்ணாம்புச் சத்து மிகுந்த தீவனம் குஞ்சின் சிறுநீரகத்துக்குக் கேடு செய்யும். அதனைக் குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும்.

இவற்றைச் சிறு காரியங்கள் என்று தள்ளிவிடலாகாது. நாட்கூலியை நம்பிய குடும்பத்திலே, முட்டை விற்ற பணம் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியாக மாறுவதுண்டு. அத்தகைய வீட்டிலே ஓர் ஈற்றுக் குஞ்சுகள் பிழைப்பது சிறிய செய்தியன்று.

சில வாரங்கள் கழிந்ததும் அதே தாய் தன் குஞ்சுகளைக் கொத்தி விலக்கத் தொடங்கும். அன்பு வற்றிவிட்டதென்று நினைக்கவேண்டாம். இறகு முளைத்தவை இனித் தம் இடத்தைத் தாமே தேடவேண்டும். தலைவியின் பிள்ளையென்பதற்காக எதுவும் தலைமையைச் சும்மா பெறுவதில்லை. கூட்டத்தின் வரிசையில் தன் வலிமையாலேயே அது நிற்கவேண்டும்.

வீட்டிலும், பாடசாலையிலும், ஊரிலும் முதலிடத்தில் இருப்போர் பலர். எளியவர் முதற்கவளம் உண்ண அந்த இடம் உதவுகின்றதா, உரியகாலத்தில் அவர்களைத் தம் காலில் நிற்க விடுகின்றதா என்பதே அவ்விடத்தின் தகுதிக்கு உரைகல். கொல்லைப்புறத்துக் கோழி இவ்விரண்டையும் செய்துவிட்டு, மறுபடி முட்டையிடப் போய்விடுகின்றது.