புலவர் தயங்கிய பாட்டு

ஒரு பாட்டு உயர்ந்தது, இன்னொன்று மட்டம் என்று தீர்ப்புச் சொல்வது யார்? படித்தவரா, கேட்டவரா? நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரை வைத்து இதைப் பார்ப்போம்.

நந்தனார் வயலில் உழைத்த பண்ணையாள். சிதம்பரம் போக ஆசைப்படுகிறார். ஆண்டை விடை தர மறுக்கிறார். பெரிய புராணத்தில் இந்த ஆண்டை இல்லை. பாரதியார் தாமே சேர்த்த பாத்திரம் அது. ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் கொழுந்து பறித்த குடும்பங்களுக்கு அந்தக் கட்டம் புரிய உரையாசிரியர் வேண்டாம். காலைப் பெரட்டில் லீவு கேட்டு நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்!

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், பெரும்புலவர் ஒருவரின் சிறப்புப்பாயிரம் இருந்தால்தான் நூலுக்கு மதிப்பு. பாரதியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார். பிள்ளையவர்கள் நாள் கடத்தினார். பாட்டில் இலக்கணப் பிழை. கதையும் புராணத்துக்கு மாறு. பாரதியார் சளைக்காமல் பலமுறை நடந்தார். ஒருநாள் காத்திருந்த நேரத்தில் தம் கீர்த்தனைகளைத் தாமே பாடிக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட புலவர் உருகிப் பாயிரம் தந்தார் என்று அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையர் எழுதிவைத்திருக்கிறார். பிழைகள் அப்படியேதான் இருந்தன. ஏட்டில் பார்த்ததைப் பிள்ளையவர்கள் அன்றுதான் காதால் கேட்டார்.

பிறகு சபாக்கள் வந்தன. தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகள் கச்சேரியின் நடுவிடத்தைப் பிடித்தன. தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடா ஆயிற்று. தியாகையரின் பெருமையை நாம் குறைக்கவில்லை. ரசனை அப்படித் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். 1941இல், நந்தனார் ஏங்கிய அதே சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. கல்கி பத்திரிகையில் வாதாடினார். எதிர்த்து எழுதியவர்களும் உண்டு. சினிமாவிலோ 1935இல் கே.பி.சுந்தராம்பாளும், 1942இல் எம்.எம்.தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்துப் பாடினார்கள். சபா வாசலை மிதிக்காத ஜனங்களும் கொட்டகையில் அந்தக் கதையைக் கேட்டார்கள்.

அத்தோடு முடியவில்லை. நந்தனார் ஏன் தீயில் இறங்கித்தான் கோயிலுக்குள் போகவேண்டும் என்று சாதி ஒழிப்புப் பேசியவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், இசை இனிமை அதற்குப் பதில் ஆகாது. 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 'கிந்தனார்' என்று ஒரு காலட்சேபம் செய்தார். அதில் சேரிப் பையன் சிதம்பரம் போகவில்லை. படிப்பதற்காகப் பட்டணத்துக்கு ரயில் ஏறுகிறான்.

அடுத்து, நந்தன் ஆண்டையிடம் விடை கேட்கும் பாட்டு ஒலிக்கும். வீட்டுப் பெரியவர்களும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் சேர்ந்து கேட்கலாம்.