பின்புறக் காலியிடத்தில் ஓர் ஆடுகளம்
(நம் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப்பேச்சு வராது. பி.காம். படித்து, வங்கி கவுண்டரில் காலத்தைக் கழித்தவன். கணக்குதான் வரும். அதனால் ஆடுகளத்தையும் கணக்காகவே பேசுகிறேன்.

முதலில், இது ஏன் வேண்டும்? போன மாதம் ஒரு சாயங்காலம், நம் பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். போடிமெட்டிலிருந்து ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றி இறங்கி வரும் ஜீப்புகளின் நேரம் அது. காற்றில் போன இறகுப்பந்தை எடுக்க ஒரு பையன் ரோட்டுக்கு ஓடினான். டிரைவர் தம்பி பிரேக் போட்டதால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. நான் பால்கனியில் நின்று பார்த்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பின்னால் இடத்தைச் சும்மா போட்டுவிட்டு, பிள்ளைகளை ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்.

இடம் போதுமா? பலகை நாடாவை வைத்து நானே அளந்தேன். இரட்டையர் இறகுப்பந்துக் களம் 44 அடி நீளம், 20 அடி அகலம். சுற்றிலும் நான்கடி விட்டால் 52-க்கு 28. மொத்தம் 1,456 சதுர அடி. செப்டிக் டேங்க் மூடிகளைத் தொடாமல், வடக்கு தெற்காக அமைகிறது. வடக்கு தெற்காக இருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் ஆடுகிறவர் கண்ணில் நேராக அடிக்காது.

அடுத்து, தளம். இங்கே என் பழைய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலையில் இருந்தபோது ஊழியர் மன்றத்துக்கு ஒரு களம் போட்டோம். பொருளாளர் நான். மட்டம் பார்த்து வாட்டம் கொடுக்க மேஸ்திரி கூடுதல் கூலி கேட்டார். "சமமா இருந்தா போதும், ஆடத்தானே போறோம்" என்று வெட்டிவிட்டேன். அந்த வருட ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கியது, பாசி பிடித்தது. உடன் வேலை பார்த்தவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நான் மிச்சம் பிடித்த தொகை அவருடைய மாவுக்கட்டுச் செலவுக்குக்கூடக் காணாது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே வாட்டத்தில் சிக்கனம் வேண்டாம். நூறு அடிக்கு ஓரடி வீதம், ஒரே பக்கமாக. நம் 28 அடி அகலத்துக்கு ஏறக்குறைய மூன்றரை அங்குலம் இறக்கம். ஆடும்போது தெரியாது, மழை நிற்கும்போது தெரியும்.

மண்ணைத் தோண்டி, கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். மேலே நான்கு அங்குலக் கான்கிரீட் என்றால் 485 கன அடி. எம்20 கலவைக்கு சுமார் 110 மூட்டை சிமெண்ட். வெடிப்பு கண்டபடி ஓடாமல் இருக்க, 13-க்கு 14 அடி வீதம் எட்டுப் பாகமாக ஜாயின்ட் விட வேண்டும். பாத்தி கட்டி குறைந்தது பத்து நாள் தண்ணீர் நிறுத்த வேண்டும். 28 நாள் ஆன பிறகே அக்ரிலிக் பூச்சு. அவசரப்பட்டுப் பூசினால் உள் ஈரம் பூச்சைத் தூக்கிவிடும்.

கான்கிரீட் போட்டால் போர்வெல்லுக்குத் தண்ணீர் இறங்காதே என்று இரண்டாம் மாடி அக்கா கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஓர் அங்குல மழைக்கு அந்தத் தளத்தில் விழுவது சுமார் 3,400 லிட்டர். வாட்டம் முடிகிற ஓரத்தில் சிறு வாய்க்கால் வைத்து, மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்பிவிடலாம். 2003-இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கியபோது பரவலாக வந்த குழிதான். நம்முடையதைத் தூர்வாரி எத்தனை வருடம் ஆயிற்று என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்!

காற்று இன்னொரு விஷயம். ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்கும் காற்றில் இறகுப்பந்து பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். அந்த மாதங்களுக்குப் பூப்பந்து இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் தோன்றியதாகச் சொல்லப்படும் ஆட்டம். மஞ்சள் கம்பளிப் பந்து, 30 கிராமுக்குள்தான் எடை, ஆனாலும் காற்றுக்கு ஓரளவு நிற்கும். முறையான பூப்பந்துக் களம் 24-க்கு 12 மீட்டர், ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். அவ்வளவு இடம் நம்மிடம் இல்லை. ஆனால் தாத்தாவும் பேத்தியும் ஆட இந்தக் களம் போதும். கல்லூரியில் ஆடியவன், நானே சொல்லித்தருகிறேன்.

பணம். சேமநிதியைத் தொடக் கூடாது. அது லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் வைத்தது. தனி வசூல், தனி கணக்கு. மூன்று கொட்டேஷன் வாங்குவோம், மூன்றும் நான் சொன்ன இதே அளவுகளுக்கு. அளவு வேறானால் தொகையை ஒப்பிட்டுப் பயனில்லை. பூச்சு சில வருடங்களில் தேயும். அதற்கு மாதாமாதம் சிறு தொகை ஒதுக்க வேண்டும்.

கடைசியாக, அந்த இடம் நம் எல்லோர் பத்திரத்திலும் பிரிபடாத பாகமாக இருக்கிறது. ஆடாதவருக்கும் அதில் பங்கு உண்டு. அதனால் வலைக்கம்பங்கள் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கட்டும். மாசி, பங்குனி மதிய வெயில் வடாம் காயவைக்கிறவர்களுக்கு. இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடலாம். தரைத்தளத்தில் உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கும் பெரியவர் வீட்டில் கேட்டுவிட்டுத்தான் இந்த நேரத்தைச் சொல்கிறேன். பரீட்சை மாதத்தில் ஏழு மணி.

வேண்டாம் என்கிறவர்கள் தயங்காமல் இங்கேயே எழுந்து சொல்லுங்கள், பதில் சொல்கிறேன். வேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள். குழந்தைகளே, உங்கள் கையை எண்ண மாட்டோம், ஆனாலும் தூக்குங்கள்.