மசக்கையை மறைக்க வேண்டாம்

(பிள்ளை மடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



மசக்கை எல்லாருக்கும் தெரிந்ததுதானே, இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். தெரிந்தது என்பதால்தான் நாங்கள் அசட்டையாக இருந்து விடுகிறோம்.

கர்ப்பிணிகள் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வருகிறது. பெரும்பாலும் இரண்டாம் மாதம் தொடங்கி ஐந்தாம் மாதத்துக்குள் தணிந்து விடும். இது செய்வினையும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை.

எங்கள் பெண்கள் பலர், பேர் போய்விடுமே என்று பயந்து, வெறும் சாயத்தண்ணியோடு மலைக்கு ஏறுகிறார்கள். வெறும் வயிறுதான் குமட்டலைக் கூட்டும். ஆகவே சில விஷயங்களைக் கவனியுங்கள்:

1. எழும்பு முன் படுக்கையிலேயே ஒரு துண்டு காய்ந்த ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிட்டு, கொஞ்சம் பொறுத்து மெதுவாக எழும்புங்கள்.

2. மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடுங்கள். மலைக்கும் ரொட்டி கொண்டு போய், ஒவ்வொரு நிறைக்கும் கொஞ்சம் சாப்பிடுங்கள்.

3. தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல் வாய் வாயாகக் குடியுங்கள். இஞ்சி தட்டிப் போட்ட சுடுதண்ணியும் நல்லது.

4. வாய்க் குமட்டலுக்கு வெத்திலை, புகையிலை போடாதீர்கள். புகையிலை வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும்.

5. கிளினிக்கில் தந்த குளிசை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வீசி விடாமல் மிட்வைஃப் அம்மாவிடம் சொல்லுங்கள். கடைக் குளிசையும் வேண்டாம். வாந்திக்குப் பாதுகாப்பான மருந்து டொக்டரிடம் இருக்கிறது.

தகப்பன்மாரே, தாளிக்கிற வாசமே சில பேருக்கு ஆகாது. அந்த நாட்களில் அடுப்படியை நீங்கள் பார்த்தால் கௌரவம் குறையாது. மாமியார்மாரே, "நாங்கள் பெறாத பிள்ளையா" என்று சொல்லாதீர்கள். எல்லா உடம்பும் ஒன்றல்ல.

இனிச் சொல்வதை எல்லாரும் மனதில் வைத்திருங்கள். குடித்த தண்ணீர்கூட ஒரு நாள் முழுக்கத் தங்கவில்லை, சிறுநீர் கறுத்துப் போகிறது அல்லது எட்டு மணித்தியாலமாகப் போகவில்லை, எழும்பினால் தலை சுற்றுகிறது, வாந்தியில் இரத்தம், காய்ச்சல், வயிற்று வலி... இதில் ஒன்று இருந்தாலும் அது சாதாரண மசக்கை அல்ல. விடியட்டும், சம்பளம் வரட்டும் என்று பார்க்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நேரத்துக்குச் சேலைன் ஏற்றினால் தாயும் பிள்ளையும் தேறலாம்.

நாள் தள்ளிப் போனதும் மறைக்காமல் மிட்வைஃப் அம்மாவிடம் சொல்லி, எட்டு வாரத்துக்குள் பதிந்து கொள்ளுங்கள். வேலையிடத்தில் சொல்லப் பயமாக இருந்தால் எங்களிடம் வாருங்கள். உங்களோடு சேர்ந்து நாங்களும் வந்து பேசுவோம்.