ஆறும் அரங்கும்



நகரத்து நீர்நிலைகளைச் சார்ந்து நிகழும் இலக்கிய, இசை நிகழ்ச்சிகளைப் பற்றி இன்று சிந்திக்கவிருக்கிறோம். இவற்றுள் ஆற்றங்கரையில் நடப்பவை ஒரு வகை. ஆற்றிலிருந்தே பிறப்பவை மற்றொரு வகை. முன்னதற்கு ஆறு வெறும் பின்புலம். பின்னதற்கு ஆறே பாடுபொருள்.

1717ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், மன்னர் முதலாம் ஜார்ஜ் லண்டனில் தேம்ஸ் ஆற்றின் வழியே படகில் சென்றார். உடன்சென்ற மற்றொரு படகில் ஏறத்தாழ 50 இசைஞர்கள் ஹாண்டல் இயற்றிய ‘நீர் இசை’யை வாசித்தனர். மன்னர் அதனை மீண்டும் மீண்டும் வாசிக்கச் செய்து கேட்டார். அவ்விசையில் ஊதுகொம்புகள் ஓங்கி ஒலிக்கின்றன. வெட்டவெளியில் தொலைவுக்குக் கேட்கும் கருவிகள் அவை.

நம் மரபில் இதற்கு மிகப் பழைய சான்று பரிபாடல். இன்று முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களுள் பல, வையையில் புதுப்புனல் வருவதையும் மதுரை மக்கள் நீராடி மகிழ்வதையும் பாடுகின்றன. பெரும்பாலான பாடல்களின் கீழ்ப் புலவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டுள்ளன. அன்று பாடிய முறை நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் எழுதி வைத்த பெயர்களால், அவை ஒரு காலத்தில் பாடப்பட்டவை என்பதை அறிகிறோம்.

இவ்வளவுகூட நம் சிங்கப்பூர் ஆற்றுக்கு வாய்க்கவில்லை. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வாற்றில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சரக்குப் படகுகளைச் செலுத்தியோருள் தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியாக்கள் முதன்மையானவர்கள். சூலியா தெரு இன்றும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்னர் அத்தொழில் சீனர்களின் கைக்கு மாறியது. 1869இல் கட்டப்பட்ட கேவனா பாலம் தாழ்வானது. ஓதம் ஏறினால் படகுகள் அதன் அடியில் நுழைய இயலாது. வற்றும்வரை காத்திருக்க வேண்டும். படகோட்டியின் பொழுதை அளந்தது ஓதமே.

1977 முதல் 1987 வரை ஆறு தூய்மைப்படுத்தப்பட்டது. 1983இல் சரக்குப் படகுகள் ஆற்றை விட்டு அகன்றன. 2002இல் ஆற்றின் முகப்பருகே எஸ்பிளனேட் அரங்கம் திறக்கப்பட்டது. 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு கடல்நீரைத் தடுத்து, அப்பகுதியை நன்னீர்த் தேக்கமாக்கியது. இவை பெரும் பேறுகள், ஐயமில்லை. ஆயினும், இன்று கரையில் நிற்கும் ஒரு மாணவர் ஓதம் ஏறி இறங்குவதை அங்குக் காண முடியாது. ஓதம், வற்றம், தொங்கான் ஆகிய சொற்களுக்கு அவர் கண்முன்னே பொருள் இல்லை. பொருள் மறைந்தால் சொல்லும் மறையும். அச்சொல்லை மீண்டும் ஒலிக்கச் செய்யும் இடம் அரங்கு ஒன்றே.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். ஆற்றைப் பற்றிய கவியரங்கமோ இசை நிகழ்ச்சியோ அமைக்குமுன், மாணவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாலங்களின் பெயர்களையும் தெருக்களின் பெயர்களையும் எழுதச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் பழைய ஆற்றைப் பற்றிக் கேட்டு, அவர்கள் ஆண்ட சொற்களை அப்படியே குறிக்கச் செய்யுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் நாடலாம். அச்சொற்களிலிருந்து பாடல் பிறக்கட்டும்.

மாணவர்களே, நிகழ்ச்சி முடிந்ததும் பணி முடிந்துவிடுவதில்லை. மேடையில் ஒலித்த பாட்டு ஆற்று நீர்போல் கடந்து போகும். ஆதலால் பாடலை எழுதிவையுங்கள். அதன் கீழ் எழுதியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் பண்ணையோ இராகத்தையோ குறித்துவையுங்கள். வையைக்கு நம் முன்னோர் செய்ததை இவ்வாற்றுக்கு நாம் செய்வோம்.