காக்காய் வலிப்பும் இரும்புச் சாவியும்



ஒருவன் காக்காய் வலிப்பு வந்து தெருவில் விழுந்தால் நம் ஜனங்கள் முதலில் தேடுவது சாவிக்கொத்தைத்தான். இரும்பைக் கையில் திணித்தோம், வலிப்பு நின்றது, ஆகவே இரும்புதான் நிறுத்திற்று என்கிறார்கள். ஒன்றும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலான வலிப்பு இரண்டொரு நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். அந்தப் பெருமை சாவிக்குப் போகிறது. பக்கத்தில் பூசாரி இருந்தால் பூசாரிக்குப் போகிறது. சாவி தட்சணை கேட்பதில்லை என்பதுதான் வித்தியாசம்!

மூளையிலுள்ள நரம்பணுக்கள் மின்சாரத்தால் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக் கொள்ளுகின்றன. அவற்றில் ஒரு கூட்டம் திடீரென்று கட்டுக்கடங்காமல் இயங்குவதே வலிப்பு. ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் வைத்தியர் மனித மூளையின் மின்சார அசைவை 1924-இல் கருவியில் பதிவு செய்து 1929-இல் வெளியிட்டார். இன்று அந்த ரேகைகளில் வலிப்பின் அடையாளத்தைப் பார்க்கிறார்கள். பேயை இதுவரை யாரும் பார்க்கவில்லை.

விழுந்து கைகால் வெட்டுவது மாத்திரம் வலிப்பல்ல. பள்ளிக்கூடத்தில் பிள்ளை சில வினாடி வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் எழுதத் தொடங்கும்; வாத்தியார் கவனமில்லை என்று அடிப்பார். அதுவும் வலிப்பாக இருக்கலாம். சிலருக்கு ஒரு கை மட்டும் துடிக்கும். சிலர் நினைவு மங்கி, வாயைச் சப்புக்கொட்டித் துணியைப் பிசைவார்கள்; உடனே வேப்பிலை வந்துவிடுகிறது.

தலையடி, பிரசவத்தில் மூச்சுத் திணறல், மூளைக் காய்ச்சல் ஆகியவற்றால் இது வரலாம். நம் நாட்டில் முக்கியமான இன்னொரு காரணம், பன்றி நாடாப்புழு. அது வயிற்றில் உள்ளவனின் மலத்திலிருந்து முட்டைகள் தண்ணீரிலும் காய்கறியிலும் கலந்து பிறர் வயிற்றுக்குள் போக, அதன் குஞ்சு மூளையில் போய்த் தங்குகிறது. கக்கூசு கட்டவேண்டிய காசைக் கும்பாபிஷேகத்தில் கொட்டினால் புழுவுக்குத்தான் கொண்டாட்டம்.

மருந்து இல்லையா? 1912 முதல் வழங்கிவரும் பினோபார்பிட்டோன் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. பிறகு வந்தவையும் பல. ஏற்ற மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம். மருந்துக்கு அடங்காத சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் உண்டு. ஆனால் நம்மவர் செய்வதென்ன? ஆறு மாதம் வலிப்பு வராவிட்டால் நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்! திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிரே போகலாம்.

விழுந்தவரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கைகாலை அமுக்காதீர்கள். அய்ந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

ஓயாத வலிப்புள்ளவர் கலியாணத்துக்கு லாயக்கற்றவர் என்று 1976-இல் இந்து திருமணச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்; 1999-இல்தான் எடுத்தார்கள். சட்டத்திலிருந்து போனது சம்பந்தி வீட்டிலிருந்து போகவில்லை. மறைத்துக் கட்டிக் கொடுக்கப்பட்ட பெண், மாமியார் பார்த்துவிடுவாளே என்று மாத்திரையை விழுங்காமல் விட்டு அடுப்பில் விழுகிறாள். அப்படிப் பெண் வைத்திருப்போர் இங்கிருந்தால் நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: ஜாதகத்துக்குப் பதில் மருந்துச் சீட்டை முதலில் காட்டுங்கள். அதைப் பார்த்து ஓடுகிறவன் ஓடட்டும்.