இரு திரைகளும் ஒரு சிவப்பும்

தாமிரபருணிக் கரைக் கோரையைக் கொண்டு பத்தமடையில் நெய்யப்படும் பாயை அறியாதார் நெல்லைச் சீமையில் இலர். திருமணப் பாய்களில் மணமக்கள் பெயர்களையும் சேர்த்தே நெய்து தருவார்கள். முற்காலத்தில் அதன் சிவப்பைப் பதிமுகக் கட்டையைக் காய்ச்சி எடுத்தனர். இன்றோ தொலைவில் உள்ளவர்கள் கணிப்பொறித் திரையில் படம் பார்த்தே பாய் வாங்குகிறார்கள். படத்தில் கண்ட சிவப்பு வேறு, வந்து சேர்ந்த சிவப்பு வேறு என்றால் பாய் திரும்பி வரும். பெயர் நெய்த பாயை மற்றொருவருக்கு விற்கவும் இயலாதே!

படத்தைச் செப்பம் செய்பவர் பலரும் இரண்டு திரைகளை அருகருகே வைத்துக்கொள்வர். ஒரே பாயின் படத்தை இரண்டிலும் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் செம்பருத்தி, மற்றொன்றில் செங்கல். எதை நம்புவது?

மாணவ நண்பர்களே, கண்ணளவாக ஒன்றை மற்றொன்றுக்கு இணக்க முயல்வது வீண். மஞ்சள் கலந்த வெண்மையையும் நம் கண் சிறிது நேரத்தில் தூய வெண்மையென ஏற்றுவிடும். சந்தையில் இரு தராசுகள் முரண்பட்டால் முத்திரையிட்ட எடைக்கல்லை அன்றோ தேடுவோம்? இங்கே அந்த எடைக்கல் நிறமானி என்னும் சிறு கருவி.

முதலில் இரு திரைகளையும் அரைமணி நேரம் எரியவிட வேண்டும். வெயில் திரைமேல் விழலாகாது. பிறகு இரண்டிற்கும் ஒரே இலக்கு: வெண்மை 6500 கெல்வின், காமா 2.2, ஒளி சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா. இவ்வெண்மை 1996-இல் வகுக்கப்பெற்ற எஸ்ஆர்ஜிபி அளவைக்கும் பொருந்துவது. பழைய திரை அவ்வளவு ஒளி தரவில்லையானால் புதியதைத்தான் தாழ்த்த வேண்டும். மெலிந்த மாட்டின் நடைக்கே வண்டி செல்லும். நிறமானியைத் திரைமேல் தொங்கவிட்டதும், மென்பொருள் சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என ஒவ்வொரு கட்டமாகக் காட்டும். கருவி அளக்கும். கேட்ட நிறத்திற்கும் கிடைத்த நிறத்திற்கும் உள்ள வேற்றுமை ஒரு கோப்பில் பதிவாகும். திரைக்கு ஒரு கோப்பு. ஒன்றன் கோப்பு மற்றொன்றுக்கு உதவாது. அக்கோப்பை மதியாத மென்பொருள்களும் உண்டு. அவற்றில் நிறத்திற்குத் தீர்ப்புக் கூறலாகாது.

இரு திரைகளின் பின்னொளி வெவ்வேறு வகையாயின், கருவி 'ஒன்றே' என்னும். கண் 'வேறு' என்னும். அப்போது நல்ல திரையில் மட்டும் நிறம் பார்ப்பது என் வழக்கம். மற்றதில் கருவிப்பட்டிகள் கிடக்கட்டும். பாயையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்வேன்.

வாங்குவோர் வீட்டுத் திரையை நாம் திருத்த இயலாது. ஆதலால் சாயமேற்றிய கோரைத் துணுக்கு ஒன்றை அஞ்சலில் அனுப்பி, அவர்கள் இசைந்த பின்பே நெய்யத் தொடங்குமாறு நெசவாளர்களிடம் சொல்லி வருகிறேன்.