வழியனுப்பிய ஊர், வைத்துக்கொண்ட பேரேடு



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்கிறதோ, அந்தப் பேராசிரியரிடம் நான் இரண்டாண்டு வரலாறு படித்தேன். மன்னர் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியைத் தொடும் முன்னால் கோயில் கணக்கைப் படிக்கச் சொல்வார். யாருக்கு எத்தனை கலம் நெல் அளந்தார்கள், யார் பெயரில் பற்று எழுதினார்கள் என்று தெரிந்துகொண்டு மெய்க்கீர்த்திக்குப் போனால் அதில் எவ்வளவு காற்று என்று விளங்கும் என்பார். அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு இன்று கொஞ்சம் தூரம் போகப் போகிறேன். ஸ்விட்சர்லாந்திலிருந்து வெளியேறியவர்களும் அவர்கள் விட்டுச் சென்ற மரபும்தான் இன்றைய பொருள்.

அழைப்பிதழைப் பார்த்துச் சிலர் புருவம் உயர்த்தியிருப்பீர்கள். நமக்குத் தெரிந்த ஸ்விட்சர்லாந்து சாக்லேட், கைக்கடிகாரம், வங்கிக் கணக்கு, பனிமலையில் மெல்லிய புடவையோடு நடுங்காமல் ஆடும் கதாநாயகி. அந்த நாடு ஒரு காலத்தில் சோறு போட முடியாமல் தன் மக்களைக் கப்பலேற்றியது என்றால் நம்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கும்.

எனக்கு இது ஒரு கடவுச்சீட்டில் தொடங்கியது. பெர்ன் நகரில் யாழ்ப்பாண நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தபோது அவர் மகன் தன் ஸ்விஸ் கடவுச்சீட்டைக் காட்டினான். பிறந்த இடம் எங்கே என்று தேடினேன். அப்படி ஒரு வரியே இல்லை. அந்த இடத்தில் நான் கேள்விப்பட்டிராத ஒரு கிராமத்தின் பெயர் இருந்தது. “இங்கேயா பிறந்தாய்?” என்றேன். “இல்லை மாமா, நான் பிறந்தது பருத்தித்துறை ஆஸ்பத்திரியில. இது எங்கட ஊர் எண்டு பதிஞ்சிருக்கு” என்றான்.

ஜெர்மன் மொழியில் அதற்கு ‘ஹைமாட்டோர்ட்’ என்று பெயர். நம் ஊரில் பெண் பார்க்கப் போகும்போது “பூர்வீகம் எது?” என்று கேட்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். நமக்கு அது பேச்சு, அவர்களுக்குச் சட்டம். ஒருவர் எங்கே பிறந்தார், எங்கே வாழ்கிறார் என்பதைவிட, முன்னோர் எந்த ஊரின் குடியுரிமை பெற்றிருந்தார்கள் என்பதே கணக்கு. ஊர்க் குடியுரிமை, அதன் வழியாக மாநில உரிமை, அதன் வழியாக நாட்டுரிமை என்பதுதான் வரிசை. மாநிலத்தை அங்கே கன்டோன் என்பார்கள்.

இதற்கு நல்ல சாட்சி யோஹான் ஆகஸ்ட் சட்டர். கலிபோர்னியாவின் தங்க வேட்டைக் கதையில் வருபவர். 1803-இல் ஜெர்மன் மண்ணில், காண்டர்ன் என்ற இடத்தில் பிறந்தார். ஆனால் பேசல் பகுதியிலுள்ள ரூனன்பெர்க் கிராமத்தின் குடிமகன். 1834-இல் கடன்காரர்களுக்குப் பயந்து, மனைவி மக்களை விட்டுவிட்டு ஓடினார். 1839-இல் சாக்ரமென்டோ அருகே ‘நியூ ஹெல்வேஷியா’ என்று ஒரு குடியேற்றம் அமைத்து, அங்கிருந்த பழங்குடியினரைக் கட்டாய வேலை வாங்கினார். அவர் மர அறுவை ஆலை கட்டிக்கொண்டிருந்த இடத்தில்தான் 1848-இல் தங்கம் கண்டெடுத்தார்கள். சாக்ரமென்டோவில் நின்ற அவர் சிலையை 2020-இல் அகற்றிவிட்டார்கள். ரூனன்பெர்க்கோ அவரை இன்றும் தன் ஆளாகவே வைத்திருக்கிறது.

ஊரின் குடிப் பேரேட்டில் பெயர் இருந்தால் பெருமை மட்டும் வருவதில்லை, பொறுப்பும் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருவன் எங்கே போய் நொடித்தாலும் அவனுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டியது அவனுடைய ஹைமாட்டோர்ட். ஜூரிக்கில் வேலையிழந்தவனையும் அவன் பார்த்தே இராத பூர்வீகக் கிராமத்துக்குத் திருப்பி அனுப்பலாம். 1815-இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. கிழக்கு ஸ்விட்சர்லாந்தில் பஞ்சம் வந்தது. 1840-களில் உருளைக்கிழங்கை நோய் தின்றது. கைத்தறியையும் கைநூற்பையும் இயந்திரம் தின்றது. ஊர்ச் சபைகள் கணக்குப் பார்த்தன. ஓர் ஏழைக் குடும்பத்துக்கு ஆயுள் முழுக்கக் கஞ்சி ஊற்றுவதைவிட ஒரே தடவையாகக் கப்பல் கூலி கொடுப்பது மலிவு.

ஆர்காவ் மாநிலத்தில் இன்று ராத்ரிஸ்ட் என்று அழைக்கப்படும் ஊர், அப்போது நீடர்வில், 1855 பிப்ரவரியில் ஊர்ச் செலவில் 305 பேரை அமெரிக்காவுக்கு வழியனுப்பியது. வழியனுப்பியது என்ற சொல்லைப் போடும்போதே எனக்குக் கூசுகிறது. நம் வழக்கில் அதற்குப் பொருள் வாசல்வரை வந்து கண்ணீரோடு கைகாட்டுவது. அங்கேயும் கண்ணீர் இருந்திருக்கும். ஆனால் செலவைப் பேரேட்டில் எழுதியவர் எந்தத் தலைப்பின் கீழ் எழுதியிருப்பார் என்றுதான் என் பேராசிரியர் கேட்பார்.

எல்லா ஊரும் இப்படித் தள்ளிவிடவில்லை. கிளாருஸ் கொஞ்சம் வேறு மாதிரி. மலையிடுக்கில் கிடக்கும் சிறிய மாநிலம். மே மாதம் குடிமக்கள் திறந்த வெளியில் கூடிக் கைதூக்கிச் சட்டம் இயற்றும் வழக்கம் இன்றும் அங்கே உண்டு. பருத்தித் துணியில் அச்சுப் போட்டு உலகெங்கும் விற்றார்கள். ஜாவாவின் பத்திக் துணிகளைப் பார்த்து அதேபோல் செய்து ஜாவாவுக்கே அனுப்பிய கெட்டிக்காரர்கள். அங்கேயும் 1840-களில் பட்டினி. ஊர்கள் சேர்ந்து 1844-இல் ஒரு குடிபெயர்வுச் சங்கம் அமைத்தன. நீதிபதி நிக்கலஸ் ட்யூர்ஸ்ட், கொல்லர் ஃப்ரிடோலின் ஸ்ட்ரைஃப் ஆகிய இருவரை முன்கூட்டியே அமெரிக்காவுக்கு அனுப்பி நிலம் பார்க்கச் சொன்னார்கள். கொல்லரைச் சேர்த்தது எனக்குப் பிடித்திருக்கிறது. மண்ணையும் மரத்தையும் தட்டிப் பார்க்கத் தெரிந்த ஆள்.

அவர்கள் விஸ்கான்சினில் 1,200 ஏக்கர் விளைநிலமும் 80 ஏக்கர் காடும் வாங்கினார்கள். ஆனால் ‘நிலம் கிடைத்தது, வாருங்கள்’ என்ற செய்திக்கு ஊர் காத்திருக்கவில்லை. 1845 ஏப்ரல் 16 அன்று 193 பேர் லிந்த் கால்வாயில் படகேறினார்கள். ரைன் நதி வழியே ஹாலந்து, அங்கிருந்து கப்பலில் பால்டிமோர், பிறகு ஓஹையோ நதி வழியே செயின்ட் லூயிஸ். அங்கே வந்து பார்த்தால் நிலம் பார்க்கப் போன இருவரையும் காணோம். அவர்களைத் தேட இன்னும் இருவரை அனுப்ப வேண்டியதாயிற்று. ஆகஸ்டில் நிலத்தில் காலடி வைத்தவர்கள் 108 பேர். மற்றவர்களில் சிலர் வழியில் இறந்தார்கள். சிலர் வேலை கிடைத்த ஊரிலேயே பிரிந்து நின்றுவிட்டார்கள். சீட்டுக் குலுக்கிக் குடும்பத்துக்கு இருபது ஏக்கர் பிரித்தார்கள். ஊருக்கு நியூ கிளாருஸ் என்று பெயர் வைத்தார்கள்.

முதலில் கோதுமை போட்டார்கள். மண் சலித்தது, பூச்சி விழுந்தது. பிறகு மாடு, பால், பாலாடைக்கட்டி. இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. கிளாருஸின் சொந்தப் பாலாடைக்கட்டி ‘ஷாப்ஸிகர்’. வெந்தயத்தின் தங்கைச் செடி ஒன்றின் இலையைப் பொடித்துச் சேர்ப்பதால் பச்சையாக இருக்கும். அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று 1463-லேயே அந்த ஊர்க் கூட்டம் விதி போட்டிருக்கிறது. ஆனால் நியூ கிளாருஸ் இருக்கும் கிரீன் கவுன்ட்டி அமெரிக்காவில் பெயரெடுத்தது லிம்பர்கருக்கு. நாற்றத்துக்குப் பேர்போன அது பெல்ஜியத்துச் சரக்கு. ஊர் மாறினால் கைப்பக்குவம் கூட வரும், பண்டம் சந்தை கேட்பதுதான்.

கடன் எழுதி அனுப்பப்பட்டவர்களின் கதை இதைவிடக் கசப்பு. பிரேசிலில் சாவோ பாலோ பகுதிக் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அங்கே அடிமை முறை ஒழிய இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. இபிகாபா என்ற தோட்டத்தின் முதலாளி, செனட்டர் வெர்கேரோ, பங்கு முறையில் ஆள் எடுத்தார். விளைச்சல் இலாபத்தில் பாதி குடியேறியவனுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கப்பல் கூலியை ஸ்விஸ் ஊர்ச் சபைகள் முன்பணமாகக் கொடுத்தன. அது குடும்பத்தின் கடனாயிற்று. கடைச் சாமான், வட்டி, தரகு எல்லாம் அதன்மேல் ஏறின. கடன் தீராமல் தோட்டத்தை விட்டு நகர முடியாது. தகப்பன் செத்தால் கடன் மிஞ்சியவர்கள் தலையில்.

1855-இல் அங்கே போனவர்களில் தோமாஸ் டாவாட்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். கிரௌபுண்டன் மலைக்காரர். தோட்டத்தின் எடைக்கல்லையும் கணக்கையும் சரிபார்க்கத் தெரிந்தவராகப் போனதுதான் முதலாளிக்கு வந்த வினை. 1856 இறுதியில் குடியேறியவர்கள் எழுந்தார்கள். துப்பாக்கிச் சண்டை வராமல் தப்பியது. டாவாட்ஸ் ஊர் திரும்பி 1858-இல் நடந்ததைப் புத்தகமாக எழுதினார். விசாரிக்க ஸ்விஸ் அரசு ஆள் அனுப்பியது. 1860-இல் தூதராகப் போனவர் யோஹான் யாகோப் ஃபொன் சூடி, பெரு நாட்டின் விலங்குகளை ஆராய்ந்து புகழ்பெற்றவர். அவரும் கிளாருஸ்காரர்தான். முன்பணம் கொடுத்த ஊர்ச் சபைகளுக்கு அந்தப் பணத்தை வசூல் செய்யும் கவலையும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. இப்படி ஆள் அனுப்பும் முகவர்களைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் 1880-இல்தான் வந்தது. அதற்குள் ரயில்பாதைக்கும் சுரங்கப்பாதைக்கும் ஆலைக்கும் ஆள் போதாமல் அந்த நாடு வெளியிலிருந்து ஆள் எடுக்கத் தொடங்கிவிட்டது.

ஏழைகளுக்கு முன்னால் போனவர்கள் கூலிப்படையினர். அந்த நீண்ட கதையில் நம் கடற்கரையைத் தொடும் ஒரு துண்டை மட்டும் சொல்கிறேன். 1781-இல் நியூஷாத்தெல் பிரபு ஷார்ல் தானியேல் த மியூரோன் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஒரு படைப்பிரிவு திரட்டினார். நன்னம்பிக்கை முனை, பிறகு இலங்கை. 1795-இல் ஸ்காட்லாந்து வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ கிளெகோர்ன் அவரை மடக்கிப் பேசி, படையை அப்படியே ஆங்கிலேயர் பக்கம் மாற்றினார். கொழும்பில் இருந்த மியூரோனின் தம்பிக்கு அந்தச் செய்தியை ஒரு பாலாடைக்கட்டி உருண்டைக்குள் வைத்து அனுப்பினார்கள் என்று ஒரு கதை உண்டு. அடுத்த ஆண்டு கொழும்பு விழுந்தது. சென்னை நிர்வாகம் இலங்கையில் போட்ட வரிகளால் 1797-இல் கலகம் வெடித்தபோது, விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அந்தத் தம்பி பியேர் ஃப்ரெடெரிக். 1799-இல் இதே படைப்பிரிவு திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நின்றது. அங்குள்ள பழைய படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் அதன் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். 1813-இல் அதைக் கனடாவுக்கு அனுப்பினார்கள். கலைத்தபோது வேலையற்ற சிப்பாய்கள் சிலர் இன்றைய வின்னிபெக் பக்கம் ரெட் ரிவர் குடியேற்றத்துக்குப் போய் நிலம் பிடித்தார்கள். அங்கே ஜெர்மன் பேசிய அந்தக் கத்தோலிக்கர்களுக்காகத்தான் தேவாலயத்துக்கு ஜெர்மானியரின் புனிதர் போனிஃபேஸ் பெயர் வைத்தார்கள். 1821-இல் ஸ்விஸ் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. மணமாகாத சிப்பாய்களுக்குப் பெண் கிடைத்தது. அந்தக் குடும்பங்களில் ஒன்றில் வந்த பதினைந்து வயதுப் பையன் பீட்டர் ரின்டிஸ்பாஹர் பனியையும் பழங்குடியினரையும் எருமை வேட்டையையும் வரைந்து வைத்தான். 1826 வெள்ளத்தோடு பெரும்பாலோர் தெற்கே அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள்.

இப்போது மெய்க்கீர்த்திக்கு வருகிறேன். இன்று நியூ கிளாருஸுக்குப் போனால் மரத்தாலான மலைவீடுகள், ஜன்னலோரம் பூத்தொட்டி, தெருவெங்கும் கொடி. 1938 முதல் ஆண்டுதோறும் ‘வில்ஹெல்ம் டெல்’ நாடகம் போடுகிறார்கள். அதை எழுதிய ஷில்லர் ஸ்விட்சர்லாந்தில் கால் வைக்காத ஜெர்மன்காரர். அந்த மலைவீட்டு முகப்புகள் பெரும்பாலும் 1962-இல் ஊரின் பால் தொழிற்சாலை மூடிய பிறகு, சுற்றுலாவை நம்பி எழுந்தவை. பழைய கிளாருஸ் எப்படி இருக்கிறது தெரியுமா? 1861 மே மாதம் ஃபோன் எனப்படும் மலைக்காற்று அடித்த இரவில் தீப்பிடித்து ஊரின் பெரும்பகுதி எரிந்து போனது. கல் வீடுகளும் நேர்கோட்டுத் தெருக்களுமாகத் திரும்பக் கட்டினார்கள். வரைபடத்தில் பார்த்தால் அதுதான் அமெரிக்க ஊர் போல இருக்கும். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பிழைப்புக்காக வேடம் கட்டுவது எந்த ஊருக்கும் இழிவில்லை. ஆனால் மரபு எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் முகப்பைக் காட்ட மாட்டேன், பேரேட்டைக் காட்டுவேன். கிளாருஸ் குடும்பங்களின் வம்சாவளியைக் குப்ளி-முல்லர் என்பவர் பெரும் தொகுதிகளாகத் தொகுத்து வைத்தார். அமெரிக்கப் பேரன்மார் பாட்டனைத் தேடுவது அவற்றில்தான்.

அந்தப் பேரேடு எல்லோருக்கும் ஒரே கணக்குப் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டவனை மணந்த ஸ்விஸ் பெண்ணின் பெயரை அது அடித்துவிட்டது. அவள் பிறந்த ஊருக்கே அந்நியளானாள். 1953-இல்தான் அந்த நிலை மாறத் தொடங்கியது. உள்நாட்டிலேயே மணந்தாலும் கணவனின் ஊரே அவள் ஊர். 2013-இல்தான் அவரவர் ஊர் அவரவருக்கு என்றாயிற்று. ஓடிப்போன சட்டரைத் தன்னவராக வைத்துக்கொண்ட சட்டம்தான் இது.

இன்று வெளிநாட்டில் வாழும் ஸ்விஸ் குடிமக்கள் 8 லட்சத்துக்கு மேல். நாட்டின் நான்கு மொழிப் பகுதிகளோடு சேர்த்து இவர்களை ‘ஐந்தாவது ஸ்விட்சர்லாந்து’ என்பார்கள். ஏழைப் பராமரிப்பு 1975-க்குப் பிறகு வசிக்கும் இடத்தின் பொறுப்பாகியது. பூர்வீக மாநிலத்திடம் அந்தச் செலவைத் திருப்பிக் கேட்கும் வழக்கமும் 2017-இல் முடிந்தது. கஞ்சிக் கணக்கை மூடிவிட்டார்கள், ஊர்ப் பெயர் மட்டும் கடவுச்சீட்டில் நிற்கிறது.

பெர்ன் பையனின் குடும்பம் அந்தக் கிராமத்தில் சில ஆண்டுகள் இருந்து, அங்கேயே குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தது. பல ஊர்களில் அதை முடிவு செய்வது ஊர்க் கூட்டம், கைதூக்கித்தான். அன்று எத்தனை கை உயர்ந்தது என்று பையனிடம் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. சமையலறையிலிருந்து அவன் அப்பா குரல் கொடுத்தார். ஆதரவாக உயர்ந்ததை அவர் எண்ணவில்லை. எதிர்த்து உயர்ந்தவை பதினொன்று, அதில் இருவர் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள்.